சம்பந்தி பிடித்த இரண்டு முனைகள்

செய்தி வந்த நேரம் நான் சென்ட் லோரன்டில் ஒரு கராஜில், காருக்குக் குளிர்கால ரயர் மாற்றுவதற்காக உட்கார்ந்திருந்தேன். நவம்பரில் இந்த நகரத்தில் பாதிப் பேர் அப்படித்தான் எங்காவது ஒரு கராஜில் தூங்கி வழிந்துகொண்டிருப்பார்கள். என் மனைவியின் ஒன்றுவிட்ட தம்பி கைபேசிக்கு ஒரு மரண அறிவித்தலை அனுப்பியிருந்தான். கீழே ஒரேயொரு வரி எழுதியிருந்தான்: "அத்தான், இவர் உங்கட ஆள் எல்லே?"

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். லாசாலில் இருந்த மரியதாசன். உங்களில் பலருக்கு அவரைக் கோயிலில் பூசை முடிந்ததும் கதிரை அடுக்குகிறவராகத் தெரிந்திருக்கும். சிலருக்கு அவர் வேலை செய்த பேக்கரியில் இருந்து சனிக்கிழமைகளில் பாண் கொண்டுவந்து கொடுத்தவராகத் தெரிந்திருக்கும். எனக்கு அவர் சம்பந்தி. என் மகள் வாணியும் அவருடைய மகன் அன்ரனும் கல்யாணம் செய்திருந்தார்கள். செய்திருந்தார்கள் என்றுதான் எழுத வேண்டியிருக்கிறது. அவர்கள் பிரிந்து சில வருடங்கள் ஆகிவிட்டன.

நம்முடைய மரண அறிவித்தல்களுக்கு ஓர் ஒழுங்கு உண்டு. இன்னாரின் அன்பு மகன், இன்னாரின் பாசமிகு கணவர் என்று தொடங்கி, பிள்ளைகள், மருமக்கள், சகோதரர்கள், மைத்துனர்மார், சகலன்மார், சம்பந்திமார், பேரப்பிள்ளைகள் என்று ஒருவரையும் விடாமல் போகும். ஒருவரை விட்டால் ஆறு மாதத்துக்குக் கதை ஓயாது. நான் நேரே சம்பந்திமார் வரிக்குப் போனேன். அங்கே ரொறன்ரோவில் இருக்கும் ஒரு தம்பதியின் பெயர் இருந்தது. அன்ரன் மறுபடி கல்யாணம் செய்த பெண்ணின் தாய் தகப்பன். பேரப்பிள்ளைகள் வரியில் என் பேத்தி மீராவின் பெயர் இருந்தது. எங்கள் வீட்டில் அவள் ஒருத்திக்குத்தான் இடம் கிடைத்திருந்தது.

பிழை சொல்ல ஒன்றுமில்லை. எழுதியவர்கள் சரியாகத்தான் எழுதியிருந்தார்கள். என்றாலும் மனம் கேட்கவில்லை. அந்தப் படம் எங்கள் பிள்ளைகளின் கல்யாணத்தில் எடுத்தது. கோட்டும் கழுத்துப்பட்டியுமாக அவர் அவ்வளவு ஒழுங்காக நின்ற படம் வேறு இருந்திருக்காது. அவருக்குப் பக்கத்தில் நின்றவன் நான். என்னை வெட்டியெடுத்திருந்தார்கள், என் தோளின் ஒரு ஓரம் மட்டும் தப்பியிருந்தது. அறிவித்தலில் நண்பர்களுக்குத் தனி வரி கிடையாது. கடைசியில் உற்றார் உறவினர் நண்பர்கள் அனைவரும் என்று மொத்தமாக ஒரு வசனம் வரும். அதற்குள் என்னை நானே நெருக்கிக்கொண்டு உட்கார்ந்தேன்.

அதனால்தான் இதை எழுதுகிறேன். யாரும் கேட்கவில்லை. எனக்குக் களைப்பாகவும் இருக்கிறது. இந்த வயதில் இழப்பு களைப்பாகத்தான் வருகிறது. ஆனால் அவரை எனக்குத் தெரிந்த விதத்தில் தெரிந்தவர்கள் வேறு யாரும் இல்லை. அவருக்கும் எனக்கும் இடையில் இருந்ததெல்லாம் ஒரு புல்தரையும் அதில் விழுந்த இலைகளும்தான்.

அந்தப் புல்தரை இல்-பிசார் தீவில், பிள்ளைகள் வாங்கிய வீட்டில் இருக்கிறது. முன்பக்கம் ஒரு பெரிய மேப்பிள், பின்பக்கம் ஒரு ஓக். வீடு பார்க்கப் போன நாளில் எல்லோரும் குசினியைப் பார்த்தார்கள், நிலவறையைப் பார்த்தார்கள். மரத்தை ஒருவரும் அண்ணாந்து பார்க்கவில்லை. ஒக்டோபர் வந்தபோதுதான் தெரிந்தது. பிள்ளைகள் இரண்டு பேருக்கும் வேலை, கைக்குழந்தையைக் கார்தெரி என்ற காப்பகத்தில் விட்டு எடுக்கிற ஓட்டம். இலை அள்ளும் வேலை எங்கள் இருவர் தலையிலும் விழுந்தது. அவர் லாசாலில் மாடிக்கட்டடம் ஒன்றில் இருந்தார். நான் சென்ட் லோரன்டில் வாடகை வீட்டில் இருக்கிறேன். எங்கள் இருவருக்கும் சொந்தமாக ஒரு புல்கூடக் கிடையாது.

முதல் வருடம் நாங்கள் செய்த கூத்தை மறக்க முடியாது. எங்களுக்குத் தெரிந்த இலை அள்ளல் என்பது கூட்டுவது, மூலையில் குவிப்பது, கொளுத்துவது. அதையே செய்தோம். பின்வளவில் நெஞ்சளவு உயரத்துக்கு இலையைக் குவித்து, அவர் பொக்கற்றிலிருந்து நெருப்புப் பெட்டியை எடுத்தார். ஈர இலை எரியவில்லை, புகைந்தது. புகை வேலியைத் தாண்டி, பக்கத்து வீட்டுக் கூரையைத் தாண்டி, ஆற்றுப் பக்கமாகப் போனது. கொஞ்ச நேரத்தில் சங்கு ஊதிக்கொண்டு தீயணைப்பு வண்டி வாசலில் நின்றது. தெருவே வெளியே வந்துவிட்டது. வாணி குழந்தையோடு ஓடிவந்து எங்களைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதற்கு அந்த நெருப்புக்குள்ளேயே இறங்கியிருக்கலாம்.

மரியதாசன் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு முன்னால் போனார். "பொஞ்சூர் சேர், சின்ன நெருப்புத்தான்," என்று தமிழில் சொன்னார். அந்த வீரருக்கு என்ன விளங்கியதோ, சிரித்தார். தண்ணீர் அடித்து அணைத்துவிட்டு, வாணியிடம் ஏதோ விளக்கிச் சொல்லிவிட்டுப் போனார்கள். இலையைக் கடதாசிப் பையில் போட்டுத் தெருவோரம் வைக்க வேண்டும், நகரசபை லொறி வந்து எடுக்கும் என்பது அன்றைக்குத்தான் எங்களுக்குத் தெரியவந்தது. எல்லோரும் போன பிறகு அவர் என்னிடம் சொன்னார்: "சம்பந்தி, எத்தினை வருசமா இந்த நாட்டுக்கு வரி கட்டுறம். இண்டைக்குத்தான் எங்களைத் தேடி வந்திருக்கிறாங்கள்."

கடதாசிப் பை என்பது இலை அள்ளுகிற மனிதனின் பொறுமையைச் சோதிக்கவென்றே செய்த பொருள். வாயைத் திறந்தால் மூடிக்கொள்ளும். நிமிர்த்தி வைத்தால் காற்றுக்கு விழும். நான் அதோடு சண்டை பிடித்து வாரத்துக்கு வாரம் கெட்ட வார்த்தை பேசிக்கொண்டிருந்தபோது, அவர் வீட்டிலிருந்து நீலப் பூப் போட்ட ஒரு பழைய பெட்ஷீற்றைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வந்தார். அதைப் புல்லில் விரித்தார். குப்பைவாரியால் இலையை அதன் மேல் இழுத்துச் சேர்த்தோம். பிறகு அவர் இரண்டு முனையைப் பிடித்தார், என்னை இரண்டு முனையைப் பிடிக்கச் சொன்னார். தூக்கி, நடந்து, பை வாய்க்குள் ஒரு பக்கத்தைத் தாழ்த்தினால் இலை தானாகச் சரிந்து இறங்கியது. தனியாள் பிடித்தால் மற்றப் பக்கத்தால் கொட்டிவிடும். இருவரும் ஒரே உயரத்தில் பிடித்து, ஒரே வேகத்தில் நடக்க வேண்டும். எனக்கு அது வரவில்லை. நான் எப்போதும் ஓட்டமும் நடையுமான ஆள். தொழிற்சாலையில் என்னைப் பழக்கியது அப்படி. அவர் நின்றுவிடுவார். "மெல்ல, சம்பந்தி. இலைக்கு அவசரமில்லை."

இந்த "அவசரமில்லை" விடயத்தில் எங்களுக்குள் பெரிய வழக்கே இருந்தது. விழ விழ அள்ள வேண்டும் என்பது என் கட்சி. புல்லில் இலை கிடந்தால் எனக்கு நித்திரை வராது. எல்லாம் விழுந்து முடிந்த பிறகு ஒரேயடியாக அள்ள வேண்டும் என்பது அவர் கட்சி. "மரத்தில பாதி கிடக்கேக்க ஏன் மினக்கெடுறியள்?" என்பார். ஒரு வருடம் சரி, உங்கள் சொல்லைக் கேட்போம் என்று விட்டுவிட்டேன். அந்த ஓக் மரம் பிடிவாதக்காரன். பக்கத்து மரங்களெல்லாம் மொட்டையான பிறகும் பழுப்பு இலைகளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றது. அது விடும் விடும் என்று பார்த்துக்கொண்டிருந்தோம். அதற்குள் பனி கொட்டிவிட்டது. வசந்தத்தில் பனி உருகியபோது இலையெல்லாம் அடையாகப் புல்லோடு ஒட்டிக் கிடந்தது. மண்வெட்டியால் சுரண்டி எடுத்தோம். கீழே புல் வெள்ளையாகச் செத்திருந்தது. முதுகு நிமிர முடியாமல் நான் அவரை முறைத்தேன். "பிழை என்ரதான்," என்றார் உடனே. பிறகு கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஆனா மரத்துக்கும் கொஞ்சம் பங்கிருக்கு" என்றார். அவரோடு கோபித்துக்கொள்வது லேசான காரியம் அல்ல.

பிறகு பிள்ளைகள் பிரிந்தார்கள். ஏன் பிரிந்தார்கள் என்று இங்கே எழுதப் போவதில்லை. எழுதினாலும் அது என் பக்கத்துக் கதையாகத்தான் இருக்கும். அன்ரன் வீட்டை விட்டுப் போனார். வாணியும் மீராவும் இல்-பிசாரிலேயே இருந்தார்கள். பிள்ளைகள் பிரிந்தால் சம்பந்திமாரும் பிரிய வேண்டும் என்று எங்கும் சட்டமில்லை, ஆனால் எல்லோரும் அப்படித்தான் நடந்துகொள்கிறோம். மரியதாசனின் மனைவி பிலோமினா அக்கா என் மனைவிக்குத் தொலைபேசி எடுத்து, "இனி உங்களுக்கும் எங்களுக்கும் ஒரு கதையும் இல்லை," என்று சொல்லி வைத்துவிட்டார். அதற்குப் பிறகு தமிழ்க் கடையில் என் மனைவி அரிசிப் பக்கம் நின்றால் அக்கா மரக்கறிப் பக்கம் திரும்புவார். எனக்கும் கோபம் இருந்தது. அந்தக் குடும்பத்தோடு இனி எந்தத் தொடர்பும் வேண்டாம் என்று நானே வீட்டில் முழங்கியிருக்கிறேன்.

அந்த ஒக்டோபரில் ஒரு சனிக்கிழமை நான் தனியாக இல்-பிசாருக்குக் காரை ஓட்டிக்கொண்டு போனேன். அன்றைக்கு எனக்கு எல்லாவற்றின் மீதும் அலுப்பு. மரத்தின் மீதும் அலுப்பு. வீட்டு வாசலுக்குத் திரும்பியபோது, தெருவோரத்தில், புல்லில் கால் வைக்காமல், நீலப் பூப் பெட்ஷீற்றைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு அவர் நின்றார். லாசாலில் இருந்து அந்தத் தீவுக்குப் பஸ், மெட்ரோ, திரும்பப் பஸ் என்று மாறி மாறி வர வேண்டும். பாதி நாள் பயணம்.

"என்ன சம்பந்தி, நீங்கள்?" என்றேன். பழக்கத்தில் வாய் தவறி வந்துவிட்டது.

"இலை விழுந்திருக்கும் எண்டு வந்தனான்."

"இனி இது உங்கட வேலை இல்லையே."

அவர் மரத்தைப் பார்த்தார். "பிள்ளையள் பிரிஞ்சதெண்டு மரத்துக்கு ஆர் சொன்னது? அது தன்ர பாட்டில கொட்டுது. நீங்கள் தனியா இதைப் பிடிப்பியளே?"

அவர் பெட்ஷீற்றை விரித்தார். இலையைச் சேர்த்தோம். அவர் இரண்டு முனையைப் பிடித்துக்கொண்டு எனக்காகக் காத்து நின்றார். நான் போய் மற்ற இரண்டையும் பிடித்தேன். பின்னேரம் அவரைக் காரில் ஏற்றியபோதுதான் கேட்டேன், இனி நாங்கள் சம்பந்தி இல்லையே, உங்களை என்னவென்று கூப்பிடுவது என்று. "பழகின வாயை ஏன் கஷ்டப்படுத்துறியள்?" என்றார். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. பிரிவைப் பற்றி அவரும் நானும் பேசிய மொத்தமும் அவ்வளவுதான்.

ஒரு விடயத்தில் மட்டும் அவர் பிடிவாதமாக இருந்தார். வீட்டுக்குள் கால் வைக்க மாட்டார். மகன் விட்டுப்போன வீட்டுக்குள் தகப்பன் போவது முறையல்ல என்று அவருக்கு ஒரு கணக்கு. புல்லில் நிற்கலாம், படியில் இருக்கலாம், கதவைத் தாண்டக் கூடாது. நல்லது. ஆனால் மனிதருக்குச் சலரோகம் இருந்தது. குளிரில் நின்று வேலை செய்கிறவருக்கு எத்தனை தரம் போக வேண்டி வரும் என்று சொல்லத் தேவையில்லை. ஒவ்வொரு தரமும் வீதி முனையில் இருக்கும் தெப்பனர் கடைக்கு நடந்து போய், வெட்கத்துக்கு ஒரு சூயிங்கம் வாங்கி, அங்கே போய்விட்டு வருவார். அந்தப் பருவம் முழுக்க அவருடைய கோட் பொக்கற் நிறையச் சூயிங்கம். அவருக்கோ பொய்ப்பல்.

இதை ஜன்னலுக்குள்ளால் பார்த்துக்கொண்டிருந்த வாணி ஒரு நாள் கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தாள். "மாமா, நீங்கள் சாப்பிட வர வேண்டாம், இருக்க வர வேண்டாம். பாத்ரூமுக்கு எண்டாலும் வாங்கோ. தெருவில எல்லாரும் பாக்கினம்." அவர் என்னைப் பார்த்தார். நான் மரத்தைப் பார்த்தேன். சப்பாத்தைக் கழற்றி, இலை ஒட்டியிருந்த காலுறையையும் கழற்றி வாசலில் வைத்துவிட்டு, வெறுங்காலோடு உள்ளே போனார். வெளியே வர நேரமெடுத்தது. மீரா தன் அறையைக் காட்டினாளாம். அவளுக்குத் தமிழ் விளங்கும், பதில் பிரெஞ்சில்தான் வரும். "அப்பப்பா" என்ற சொல் மட்டும் தமிழாகவே இருந்தது. வந்தவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "உள்ளுக்கு நல்ல சூடு," என்றார். நானும் ஓம் என்றேன். அழுகை வந்தால் அழுதுவிட்டுப் போகலாமே என்று எனக்கு எரிச்சலாக இருந்தது. எனக்கும் வந்ததுதான் காரணம்.

சாப்பாட்டைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் இந்த அஞ்சலி அரைகுறையாகிவிடும். வருகிற நாளெல்லாம் அவர் ஒரு டப்பா கொண்டுவருவார். புட்டும் மீன் பொரியலும், இல்லாவிட்டால் ரொட்டியும் சம்பலும். படியில் உட்கார்ந்து சாப்பிடுவோம். பிரிவுக்கு முன்னும் அப்படித்தான், பிறகும் அப்படித்தான். பிலோமினா அக்கா எங்களோடு கதையை முறித்திருந்தாரே, அதனால் ஒரு நாள் கேட்டேன்.

"அக்காவுக்குத் தெரியுமே நீங்கள் இஞ்ச வாறது?"

"நான் சொல்லேல்லை. அவ கேக்கேல்லை."

"அப்ப ஏன் இது ரெண்டு பேற்ற சாப்பாடு?"

"நான் கொஞ்சம் கூடச் சாப்பிடுவன் எண்டு நினைக்கிறாவாக்கும்," என்றார். டப்பாவுக்குள் இரண்டு கரண்டி இருந்தது. அவர் ஒன்றை என்னிடம் நீட்டினார். பின்னேரம் அவரை லாசாலுக்குக் கொண்டுபோய் விடும்போது, தன் கட்டடத்துக்கு ஒரு தெரு முன்னாலேயே நிறுத்தச் சொல்லி இறங்கிக்கொள்வார். மேல் மாடியில் இருந்து மனைவி என் காரைப் பார்த்துவிடக் கூடாதாம். இரண்டு கரண்டி வைத்து அனுப்பிய மனுசி. அந்த நாடகத்தில் எனக்கும் ஒரு பாத்திரம் கிடைத்திருந்தது; வருடத்துக்கு வருடம் ஒழுங்காக நடித்தேன். இறங்கும்போது பெட்ஷீற்றையும் மறக்காமல் எடுத்துக்கொள்வார். அடுத்த கிழமை அது தோய்த்து மடித்து வரும்.

இந்த இலையுதிர் காலத்தில் அவருக்கு மூச்சு வாங்கியது. பஸ்ஸில் வர வேண்டாம், நான் வந்து ஏற்றுகிறேன் என்றேன். அந்த ஒரு தெரு முன்னால்தான் ஏறினார். வாணி ஒரு கதிரையைப் புல்லில் போட்டாள். நான் குப்பைவாரியால் இழுக்க அவர் கதிரையில் இருந்து குறை சொன்னார். விரிப்பைத் தூக்கும் நேரம் மட்டும் எழும்பி வந்து தன் இரண்டு முனையைப் பிடிப்பார். நான் வாணியைக் கூப்பிடுகிறேன் என்றால் கேட்க மாட்டார். போன மாதத்தைவிட மெதுவாக நடந்தார், நானும் அப்படியே நடந்தேன். எனக்கும் தோளில் வலி. அவருடைய வேகம் எனக்கு இப்போது சரியாக இருந்தது. முன்பக்கம் முடிந்ததும் வெளிச்சம் போய்விட்டது. நவம்பரில் சூரியன் தேநீர் நேரத்துக்கே கடையைப் பூட்டிவிடும். பின்பக்கத்தில் ஓக் இலை அப்படியே கிடந்தது. "மிச்சத்தை வாற கிழமை பாப்பம்," என்றார். அந்தக் கிழமை நடுவில்தான் நான் கராஜில் உட்கார்ந்திருந்தேன்.

அவரைப் பார்வைக்கு வைத்திருந்த மலர்ச்சாலைக்குப் போவதா விடுவதா என்று எங்கள் வீட்டில் இரண்டு நாள் பேச்சு. போனால் எந்த முறையில் போவது, எங்கே நிற்பது. என் மனைவி, "நீங்கள் போங்கோ, நான் போனா அவவுக்குச் சரிவராது," என்றாள். வாணி, "அப்பா, நான் வரலாமோ?" என்று கேட்டாள். நாற்பது வயதுப் பெண் அப்படிக் கேட்டது எனக்குத் தாங்கவில்லை. வா என்றேன். மீராவைக் கூட்டிக்கொண்டு போனோம். அவளுக்கு அங்கே முன்வரிசையில் இடம் இருந்தது. அன்ரன் வந்து கைபிடித்துக் கூட்டிப்போனார். நானும் வாணியும் கடைசி வரிசையில், கோட்டுகள் கொழுவும் இடத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்தோம்.

சனம் வரிசையாகப் பெட்டிக்குப் போய், பார்த்து, சிலுவை போட்டு, குடும்பத்துக்குக் கைகொடுத்துத் திரும்பியது. எங்கள் முறை வந்தது. அவருக்குக் கல்யாணப் படத்தில் இருந்த அதே கோட்டைப் போட்டிருந்தார்கள். கையில் செபமாலை. நகத்தடியில் ஊத்தை இல்லை. எனக்கு அது அவர் கையாகவே தெரியவில்லை. தலைமாட்டில் பிலோமினா அக்கா, பக்கத்தில் ரொறன்ரோவில் இருந்து வந்த சம்பந்தி, அவருடைய மனைவி. நான் கையைக் கூப்பிவிட்டுச் சத்தமில்லாமல் நழுவப் பார்த்தேன்.

"சம்பந்தி," என்றார் பிலோமினா அக்கா.

ரொறன்ரோக்காரர் தன்னைத்தான் என்று நினைத்துத் திரும்பினார். அக்கா என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் என்னோடு கடைசியாகப் பேசி எத்தனையோ வருடம்.

"இலை எல்லாம் அள்ளியாச்சோ?"

"இல்லை அக்கா. பின்பக்கம் கிடக்கு."

"இவர் சொன்னவர், இந்தச் சனிக்கிழமை முடிஞ்சிடும் எண்டு." பெட்டியைப் பார்த்தார். "பெட்ஷீற்றைத் தோச்சுக் கொண்டந்திருக்கிறன். அன்ரன்ர காருக்குள்ள கிடக்கு. போகேக்க எடுங்கோ." பிறகு வாணியின் கையைப் பிடித்தார். பிடித்தபடியே நின்றார். வரிசை பின்னால் தேங்கியது. ரொறன்ரோக்காரர் நல்ல மனிதர் போல. என்னை ஒரு தரம் பார்த்தார், ஒன்றும் கேட்காமல் ஒரு அடி தள்ளி நின்றார். அந்த இடத்தில் நான் நின்றேன். அதன் பிறகு வந்தவர்கள் எனக்கும் கைகொடுத்தார்கள்.

சனிக்கிழமை காலையில் தொலைபேசி அடித்தது. பிலோமினா அக்கா. "லாசாலால சுத்திக்கொண்டு போங்கோ, சம்பந்தி." ஏன் என்று கேட்கவில்லை. மழையும் பனியும் கலந்து தூறிக்கொண்டிருந்தது. இரவு பனி கொட்டும் என்று சொல்லியிருந்தார்கள். பழக்கத்தில் ஒரு தெரு முன்னாலேயே காரை ஓரங்கட்டிவிட்டேன். பிறகுதான் உறைத்தது. திரும்ப எடுத்து, கட்டடத்து வாசலிலேயே கொண்டுபோய் நிறுத்தினேன். அவர் கறுப்புச் சால்வையைத் தலையில் போட்டுக்கொண்டு கீழே இறங்கி வந்து, கார் ஜன்னலால் டப்பாவை நீட்டினார். முன்னையதைவிடப் பாரமாக இருந்தது.

"மூண்டு பேருக்குக் கட்டினனான்," என்றார். "ஒண்டு வாணிக்கு."

இல்-பிசாரில் வாணி கையுறை போட்டுக்கொண்டு தயாராக நின்றாள். பின்வளவில் விரிப்பை விரித்தோம். ஓக் இலை ஈரத்தில் கனத்துக் கிடந்தது. அவள் அவர் பிடிக்கும் பக்கத்தைப் பிடித்தாள். பிடித்ததும் ஓடத் தொடங்கினாள், என் மகள்தானே. விரிப்புச் சரிந்து பாதி இலை திரும்பவும் புல்லில் கொட்டியது. "மெல்ல, பிள்ளை. இலைக்கு அவசரமில்லை," என்றேன். அவள் முனைகளைக் கையில் பிடித்தபடியே நின்று அழுதாள். நான் என் பக்கத்தை விடாமல் நின்றேன். விட்டால் மற்றதும் கொட்டிவிடும். அவள் மூக்கைத் தோளில் துடைத்துவிட்டு நடந்தாள், இந்தத் தரம் சரியான வேகத்தில். மத்தியானம் படியில் உட்கார்ந்து டப்பாவைத் திறந்தோம். ரொட்டியும் சம்பலும். கரண்டி மூன்று இருந்தது.

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது நீலப் பூப் போட்ட ஒரு பழைய பெட்ஷீற். காரின் பின்பெட்டியில், பனி அள்ளும் சவளுக்குப் பக்கத்தில் மடித்து வைத்திருக்கிறேன். அதில் இரண்டு முனைதான் என்னுடையது. அவருக்கு நான் யார் என்று இனி யாராவது கேட்டால் எனக்குப் பதில் இருக்கிறது. மரியதாசன் என் சம்பந்தி.